உங்க மகனுக்கு நான் போட்ட மார்க்

கோபம் வந்தாலும் பாதியில நிறுத்தாமப் படிக்க வேண்டிய என் அண்ணனுக்கு,

நாளைக்குக் கல்லறைத் திருநாள். அண்ணி போன வாரமே ஆள் விட்டு உங்க கல்லறையைச் சுத்திப் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. ராத்திரி மழை பேஞ்சு அதுல பாதி கரைஞ்சு போச்சுன்னு காலையில போன் பண்ணிப் புலம்பினாங்க. சாமந்திப்பூ சொல்லியிருக்கேன், மெழுகுவத்தி வாங்கியாச்சு. சாயங்காலம் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லிக் கல்லறையை மந்திரிச்சுட்டுப் போற வரைக்கும் அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிப்போம். வருஷா வருஷம் அந்த நேரத்துல நான் மனசுக்குள்ள உங்ககிட்ட வீட்டுக்கதை பூரா சொல்லி முடிச்சுடுவேன். இந்த வருஷம் அண்ணி பக்கத்துல நிக்கும்போது இதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அதனால எழுதறேன். நாலு பேர் படிக்கிற இடத்துலதான் எழுதறேன். படிக்கட்டும்.

சுத்தி வளைச்சா உங்களுக்குப் பிடிக்காது. உங்க மகன் ஜெரோம் ஒரு ஆபரேஷன் பண்ற வீடியோவுக்கு நான் மார்க் போட்டேன். ஃபெயில் போட்டேன். அவன்னு தெரிஞ்சேதான் போட்டேன்.

இருங்க. முழுசாக் கேட்டுட்டுத் திட்டுங்க.

நீங்க போனப்ப அவன் பள்ளிக்கூடம் முடிக்கலை. இப்ப தஞ்சாவூர் பைபாஸ்ல, நமக்குத் தெரிஞ்சு வெறும் வயக்காடா இருந்த இடத்துல, கண்ணாடி வெச்ச பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணு நிக்குது. அங்க அவன் குடல் சர்ஜன். டாக்டர் ஜெரோம் செபாஸ்டின்னு போர்டுல போட்டிருக்கு. அந்த வழியா பஸ்ல போகும்போதெல்லாம் அண்ணி ஜன்னல் பக்கம் மாறி உக்காந்துக்குவாங்க. உங்க பேர் இங்கிலீஷ்ல இவ்வளவு பெருசா எழுதி நான் பாத்ததே இல்லை அண்ணே. ஷார்ஜாவுலேர்ந்து நீங்க கொண்டு வர்ற அட்டைப்பெட்டிங்க மேல மார்க்கர் பேனாவால எழுதியிருக்குமே, அதுதான் அதுக்கு முன்னாடி நான் பாத்ததுல பெருசு.

அவன் ஏன் குடல் சர்ஜன் ஆனான்னு உங்களுக்குத் தெரியும். ஷார்ஜாவுல ரத்தம் போகப் போக மூலம்னு நெனச்சு, லீவு கிடைக்கட்டும் லீவு கிடைக்கட்டும்னு தள்ளிப் போட்டுட்டு வந்தீங்க. இங்க வந்து பாத்தா புத்துநோய். நெஞ்சுக்குழியிலேர்ந்து அடிவயிறு வரைக்கும் கிழிச்சாங்க. இதுக்குப் பதிலா ஒரு ஜிப்பு வெச்சுத் தைச்சிருக்கலாம்னு நீங்க சொல்லிச் சிரிச்சதா அண்ணி சொன்னாங்க. அந்தப் புண் பிரிஞ்சு போய், ஜெரோம்தான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி தினம் கட்டு மாத்துவான். நான் அப்ப இங்கிலாந்துல படிப்புல இருந்தேன். நீங்க அனுப்பி வெச்ச படிப்பு. அண்ணன் வயித்துல கட்டு மாத்த வராம, வெள்ளைக்காரன் வயித்துல ஓட்டை போட்டு ஆபரேஷன் பண்ணக் கத்துக்கிட்டு இருந்தேன். நான் கடைசியா வந்து சேந்தப்ப நீங்க பேசற நிலைமையில இல்லை. அது தனிப் பாவம். இன்னைக்கு அதைத் தொடல.

நாங்க பண்ற ஆபரேஷன்ல பெரிய கிழிசல் கிடையாது. வயித்துல நாலஞ்சு சின்ன ஓட்டை. உள்ள காத்து நிரப்பிக் கூடாரம் மாதிரி தூக்கிக்கணும். ஒரு ஓட்டை வழியா கேமரா போகும், மத்த ஓட்டைங்க வழியா நீளக் கம்பி மாதிரி கருவிங்க போகும். சர்ஜன் நோயாளி வயித்தைப் பாக்க மாட்டார். டிவியைப் பாத்துக்கிட்டேதான் கையை அசைப்பார். அதனால உள்ள நடக்கறது அத்தனையும் வீடியோவாப் பதிவாகும். இதுலதான் வினையே.

நம்ம ஊர்ல டாக்டரை எப்படி எடை போடுவாங்கன்னு உங்களுக்குச் சொல்லணுமா? கைராசி. வாசல்ல எவ்வளவு செருப்பு கிடக்குதுன்னு பாப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரர் பொழைச்சு வந்தாரான்னு கேப்பாங்க. அவ்வளவுதான். எங்க சர்ஜன் சங்கம் வேற மாதிரி பண்ணுது. தனியா ஒரு யூனிட்டை நடத்தப் போற சர்ஜன் தன் ஆபரேஷன் வீடியோவை அப்படியே அனுப்பணும். கல்யாண வீடியோ மாதிரி நல்ல இடமாப் பாத்து ஒட்டிக் கொடுக்கக் கூடாது, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வெட்டாம அனுப்பணும். பேரு, ஊரு, ஆஸ்பத்திரி, குரல் எல்லாத்தையும் சங்கம் எடுத்துடும். ரெண்டு பேர் தனித்தனியா உக்காந்து பாத்து மார்க் போடுவோம். நான் அதுல ஒருத்தி.

என்ன பாப்போம்? கை வேகத்துக்கு மார்க் கிடையாது. இடது கை வலது கைக்கு வழி காட்டுதா, இல்ல சும்மா தொங்குதா? குடலைப் பிடிக்கும்போது பதமாப் பிடிக்கிறாரா, இல்ல கவ்விக் கவ்வி விடறாரா? ரத்தம் வந்தா பதறிப் போய்க் குத்துமதிப்பாக் கரண்ட் கருவியால சுடறாரா, நிதானமா எங்கேர்ந்து வருதுன்னு தேடறாரா? கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுத்த பிறகு ரெண்டு நுனியையும் இழுப்பு இல்லாம இணைக்கிறாரா? பாக்கறதுக்கு ரெண்டு மூணு கருவி நுனிதான் தெரியும் அண்ணே, ஆனா கொஞ்ச நேரத்துல அந்த ஆளே தெரிஞ்சு போயிடுவார். பொறுமைசாலியா, அவசரக்காரரா, தப்பு பண்ணா ஒத்துக்கிறவரா, எல்லாம் தெரியும்.

ஆவணி மாசம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு உக்காந்து ஒரு வீடியோவைப் போட்டேன். கேமரா உள்ள போச்சு. வலது பக்கத்துக் கருவி நுழைஞ்சுது. குடலைத் தொடறதுக்கு முன்னாடி அதோட நுனி மேலயும் கீழயும் அசைஞ்சு, அப்புறம் குறுக்க அசைஞ்சுது. சிலுவை போடறாரேன்னு நெனச்சேன். நாட்டுல எத்தனையோ கிறிஸ்தவ சர்ஜன் இருக்காங்க, எவரோ ஒருத்தர்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கலாம்னு பாத்தேன். ஆனா சிலுவையைப் போட்டு முடிச்சதும் நடுவுல ஒரு புள்ளி வெச்சுது பாருங்க.

அது உங்க புள்ளி. என் பரீட்சை ஹால் டிக்கெட் மேல கட்டைவிரலால சிலுவை போட்டு நடுவுல ஒரு அழுத்து அழுத்துவீங்களே, அது. ஊருக்குக் கிளம்பும்போது சூட்கேஸ் மேலயும் அதேதான் பண்ணுவீங்க. புது பைக் வந்தன்னைக்குப் பெட்ரோல் டேங்க் மேல போட்டு அழுத்தினதுல உங்க கைரேகை பதிஞ்சுதுன்னு ஜெரோம் அதைத் துடைக்கவே விடல. பேரை எடுத்த சங்கம் அதை எடுக்கலை. அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த மாதிரி ஆளு யாருன்னு தெரிஞ்சா என்ன பண்ணணும்னு விதி இருக்கு. அந்த நிமிஷமே நிறுத்திட்டு, எனக்கு வேண்டப்பட்டவர், வேற ஆளுக்கு அனுப்புங்கன்னு திருப்பிடணும். ரெண்டு வரி எழுதினாப் போதும். நான் எழுதலை. கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தேன் அண்ணே. நான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்ச பய ஒரு மனுஷனோட வயித்துக்குள்ள எப்படி நடமாடறான்னு பாக்கணும்னு ஆசை. வேற ஒரு காரணமும் கிடையாது. வெறும் ஆசை.

என்ன வலது கைங்கிறீங்க அவனுக்கு! ரத்தக்குழாயைப் பிரிச்சு எடுத்தான் பாருங்க, பூ கட்டறவங்க நாரை உரிக்கிற மாதிரி. எனக்கு அந்த வயசுல அது வராது. இன்னைக்கும் அவ்வளவு சுத்தமா வருமான்னு சந்தேகம்தான். தனியா உக்காந்து வாய்விட்டுச் சிரிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு. உங்களைக் கூப்பிட்டுக் காட்டணும் போல இருந்துச்சு. பாருங்கண்ணே உங்க பிள்ளையைன்னு.

அப்புறம் இணைக்கிற இடம் வந்துச்சு. இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க, எல்லாமே இதுலதான் இருக்கு. இடது விலாவுக்குக் கீழ பெருங்குடல் மேல போய்த் திரும்பும். அந்த மேல் வளைவு உள்ள நல்லா ஒட்டிக்கிட்டு இருக்கும். கீழ ஒரு பகுதியை வெட்டி எடுத்துட்டா, மிச்சக் குடல் அடிவரைக்கும் எட்டணும். எட்டறதுக்கு அந்த வளைவை மெதுவா விடுவிச்சுக் கீழ இறக்கணும். அது பேஜார் பிடிச்ச வேலை. நேரம் எடுக்கும், பக்கத்துலயே மண்ணீரல் இருக்கு, தொட்டா ரத்தம் கொட்டும். ஜெரோம் அந்தப் பக்கம் கேமராவைக் கொண்டு போகவே இல்ல. குடல் நுனியைப் பிடிச்சு இழுத்துப் பாத்தான். எட்டுச்சு. எட்டுதேன்னு இணைச்சுட்டான். இணைச்சதும் பாத்தா குடல் துணி காயப்போடற கொடி மாதிரி விறைச்சு நிக்குது. அப்படி விறைச்சு நின்னா ரத்த ஓட்டம் குறையலாம், தையல் விடலாம். விட்டா மலம் வயித்துக்குள்ள கசியும். அதுக்கு அப்புறம் அந்த ஆளு பொழைக்கிறது கடவுள் கையில.

முதல்ல நான் பாஸ்தான் போட்டேன். அனுப்பலை, போட்டு வெச்சேன். எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன். திரும்ப அந்த இடத்தைப் பாத்தேன். யாரோ முகம் தெரியாத சர்ஜன் இதைப் பண்ணியிருந்தா பாஸ் போட்டிருப்பேனான்னு கேட்டுக்கிட்டேன். ஃபெயில்னு மாத்தி அனுப்பிட்டேன்.

நியாயமாத்தானே பண்ணியிருக்கேன்னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் தோணுச்சு. மறுநாள் ஞாயித்துக்கிழமை பூசையில உக்காந்திருக்கும்போதுதான் சந்தேகம் வந்துச்சு. நான் மாத்தினது அவன் பண்ண வேலையைப் பாத்தா, இல்ல சொந்தக்காரன்னு நான் சலுகை காட்டலைன்னு எனக்கே நிரூபிச்சுக்கவா? முகம் தெரியாத ஆளா இருந்தா, வலது கை இவ்வளவு நல்லா இருக்கே, அந்த ஒரு குறையை மட்டும் எழுதி, திருத்திக்கங்கன்னு சொல்லிட்டு, மார்க்கைப் பாஸ் எல்லைக்கு மேல போட்டு விட்டிருப்பேனோ? தராசுல ஒரு பக்கம் ஏறாமப் பாத்துக்கறேன்னு மறுபக்கம் கையை வெச்சு அழுத்திட்டேனோன்னு இருக்கு.

அப்பத்தான் உங்க கும்பகோணத்துக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். நீங்க ஷார்ஜா போன புதுசுல வெல்டர் டெஸ்ட் வெச்சாங்களே. குழாயை ஒட்ட வெச்சுக் கொடுக்கணும், எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்கன்னு சொல்லுவீங்க. அதைப் பாத்து ஃபெயில் போட்டவர் கும்பகோணத்துக்காரர், அதுவும் முந்தின வெள்ளிக்கிழமைதான் உங்க ரூமுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டுப் போனவர். அதுக்கு அப்புறம் ரொம்ப நாள் ஹெல்பர் வேலை பாத்தீங்க, மண்ணு வாரினீங்க. ஒவ்வொரு தடவை லீவுல வரும்போதும் அந்தக் கதையைச் சொல்லாம இருக்க மாட்டீங்க. வெள்ளைக்காரன் போட்டிருந்தாக்கூட மனசு ஆறிப் போயிருக்கும், நம்மாளு போட்டான் பாரும்பீங்க. ஓட்டையே இல்லையா குழாயிலன்னு நான் ஒரு தடவை வாய்க்கொழுப்புல கேட்டுட்டேன். அன்னைக்கு ராத்திரி பூரா என்கிட்ட பேசலை நீங்க. அந்த மனுஷரைக் கடைசி வரைக்கும் நீங்க மன்னிக்கவே இல்லை.

இப்ப உங்க வீட்டுக்குள்ளயே ஒரு கும்பகோணத்துக்காரி. உங்க கையால தின்னு, உங்க சம்பாத்தியத்துல படிச்சு.

அடுத்த வாரம் சங்கத்துலேர்ந்து மெயில் வந்துச்சு. இன்னொருத்தர் பாஸ் போட்டிருக்கார், ரெண்டு மார்க்குக்கும் இடைவெளி இருக்கு, மறுபடி ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கன்னு. அப்பத்தான் உண்மையை எழுதினேன். இந்த சர்ஜன் என் அண்ணன் மகன், பாக்க ஆரம்பிச்ச உடனே தெரிஞ்சுடுச்சு, நிறுத்தாம மார்க் போட்டது என் தப்புன்னு. என் மார்க்கை அடிச்சுட்டாங்க. எனக்குக் கொஞ்ச நாளைக்கு வீடியோ அனுப்பறதில்லைன்னு மரியாதையாச் சொல்லிட்டாங்க. மூணாவதா ஒருத்தர் பாத்தார். ஜெரோம் பாஸ்.

பாஸ் அண்ணே. சந்தோஷமா? எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. கூடவே பயமாவும் இருந்துச்சு. ஏன்னா நான் எழுதின குறையை என் மார்க்கோட சேத்து அடிச்சுட்டாங்க. மத்த ரெண்டு பேரும் அந்த இழுப்பைப் பெருசா எடுத்துக்கலை. அப்ப அவனுக்கு அதை யார் சொல்லுவா? நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா அத்தையா நிம்மதியா இருக்கலாம். அடுத்த ஆளோட குடலும் அப்படியே விறைச்சு நிக்கும்.

அண்ணி நன்றிப் பூசை வெச்சு, மதியம் எல்லாருக்கும் சாப்பாடு போட்டாங்க. ஆஸ்பத்திரியில அவனைத் தனி யூனிட்டுக்குத் தலைவர் ஆக்கிட்டாங்கன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி மாளலை. எனக்கு நடுத்துண்டு மீனாப் பாத்து எடுத்து வெச்சாங்க. எல்லாம் உன்னாலதான் ஸ்டெல்லா, நீ வழிகாட்டலைன்னா இவன் எங்க போயிருப்பான்னு தலையைத் தடவினாங்க. அந்த மீனை இலை ஓரமா ஒதுக்கி வெச்சேன்.

சாப்பிட்டு முடிச்சதும் ஜெரோமை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டேன். யார் என்ன மார்க் போட்டாங்கன்னு வெளிய சொல்லக் கூடாதுங்கறது இன்னொரு விதி. அதையும் மீறினேன். முதல் மார்க்ல ஒண்ணு நான் போட்டது, ஃபெயில் போட்டேன், மேல் வளைவை விடுவிக்காம இணைச்சுட்டே, அதுதான் காரணம்னு சொன்னேன். அவன் முதல்ல நான் கேலி பண்றேன்னு நெனச்சுச் சிரிச்சான். அப்புறம் முகம் செத்துப் போச்சு. அந்த நோயாளி நல்லபடியா எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார், போன மாசம் நாத்து நட ஆள் தேடிக்கிட்டிருந்தார்னு சொன்னான். இந்தத் தடவை தாங்கிடுச்சுடான்னேன். அதுல அவனுக்குக் கோபம் வந்துடுச்சு. எல்லா இடத்துலயும் எல்லாருக்கும் அந்த வளைவை இறக்க வேண்டியதில்லைன்னு எனக்கே பாடம் எடுத்தான். அதுவும் உண்மைதான். எட்டற குடலும் இருக்கு. இது எட்டலை, நீ எட்ட வெச்சேன்னேன்.

கீழ அண்ணி யாருக்கோ தாம்பூலம் கொடுக்கற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேட்டான்.

"அத்தை, அப்பா இன்னைக்கு இருந்து, அதே கட்டியோட வந்திருந்தா, என் கையில விட்டிருப்பீங்களா?"

நான் என்ன சொல்லியிருக்கணும் அண்ணே? நீங்களே சொல்லுங்க. பெரியவங்க அந்த இடத்துல வாய் கூசாம ஒரு பொய் சொல்லுவாங்க. விட்டிருப்பேன்டா கண்ணுன்னு ஒரு வார்த்தை. அந்தப் புண்ணுல கட்டு மாத்தின பிள்ளை அவன். எனக்கு அது வரலை.

"இப்ப இல்லடா"ன்னு சொன்னேன்.

படி இறங்கிப் போயிட்டான். அன்னையிலேர்ந்து போன் கிடையாது, மெசேஜ் கிடையாது. பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பினேன், பாத்ததுக்கு அடையாளம் மட்டும் விழுந்துச்சு. அண்ணிக்கு அவன் ஒண்ணும் சொல்லலை. ரொம்ப வேலை போலருக்கு, உன்கிட்டகூடப் பேச நேரம் இல்லையாமேன்னு அண்ணி எனக்கே ஆறுதல் சொல்றாங்க. இதைப் படிச்சாங்கன்னா தெரிஞ்சுடும். தெரியட்டும் அண்ணே. நன்றிப் பூசையில எனக்கு எடுத்து வெச்ச மீனுக்கு நான் தகுதியில்லாதவள்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும். அதுக்கு அப்புறம் பேசறதும் பேசாததும் அவங்க இஷ்டம்.

முந்தாநாள் திடீர்னு ஜெரோமே போன்ல கூப்பிட்டான். நல்லா இருக்கீங்களான்னு கேக்கலை. அந்த வீடியோவை மறுபடி பாத்தேன்னு மட்டும் சொன்னான். நீங்க சொன்னது சரின்னும் சொல்லலை, தப்புன்னும் சொல்லலை. நானும் கேக்கலை. செவ்வாக்கிழமை ஒரு கேஸ் இருக்கு, அதே ஆபரேஷன், கேமரா பிடிக்க ஆள் வேணும், வரீங்களான்னான்.

சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. கேமரா பிடிக்கிறதுன்னா எங்க தொழில்ல கடைசி வேலை அண்ணே. புதுசா வந்த பசங்களை அதுலதான் நிறுத்துவோம். இங்கிலாந்துல நான் போய் நின்ன முதல் நாள் அதைத்தான் கொடுத்தாங்க. என் வயசுல ஒரு சர்ஜனைக் கூப்பிட்டுக் கேமரா பிடிங்கன்னா பழி வாங்கறானா, மன்னிக்கிறானா, இல்ல நிஜமாவே பயந்து போய்க் கூப்பிடறானா? குரலை வெச்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலை. வரேன்டான்னு சொல்லிட்டேன்.

நேத்து ஆஸ்பத்திரியில அந்தச் செவ்வாக்கிழமை நோயாளியைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். பாபநாசம் பக்கத்து ஆளு. சின்ன விவசாயி, பையன் சிங்கப்பூர்ல. ஸ்கேன் படத்தைப் பாத்தேன். கட்டி கீழ இருக்கு, குடலும் அவ்வளவு நீளம் இல்லை. அந்த வளைவை இறக்காம எட்டாது. எனக்குத் தெரியும். ஜெரோமுக்கும் தெரிஞ்சிருக்கும். திரும்பி வரும்போது அவர் சம்சாரம் வராண்டாவுல பின்னாடியே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கல்யாணத்துக்குப் போட்ட வளையல்தான் போலருக்கு, தேஞ்சு போயிருந்துச்சு. சின்ன வயசா இருக்காரே டாக்டர் தம்பி, அவர் நல்லாப் பண்ணிடுவாராம்மான்னு கேட்டாங்க.

இத்தனை வருஷமா ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்கு மார்க் போட்டிருக்கேன். யாரும் நேருக்கு நேரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு இப்படிக் கேட்டது இல்லை. நல்லாப் பண்ணுவார்னு சொன்னா உங்க மகனுக்காகச் சொன்னதா ஆகும். தெரியலைன்னா அந்தம்மா ராத்திரி தூங்குவாங்களா? நானும் கூட நிக்கிறேம்மான்னு சொன்னேன். அவங்க முகம் தெளிஞ்சுடுச்சு. நீங்க நிக்கிறீங்கன்னா சரிம்மான்னு கும்பிட்டுட்டுப் போனாங்க. கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமத் தப்பிச்சுட்டேன்னு அவங்களுக்குத் தெரியலை. அந்தக் கும்பிடு இன்னும் என் மேல கனமாக் கிடக்குது.

அதனால உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணித் தரேன் அண்ணே. இதை நாளைக்கு அண்ணி பக்கத்துல நின்னுக்கிட்டுச் சொல்ல முடியாது, இங்கயே சொல்றேன். செவ்வாக்கிழமை கேமரா என் கையில இருக்கும். நான் எதைக் காட்டறேனோ அதைத்தான் ஜெரோம் பாக்க முடியும். வெட்டற வேலையெல்லாம் முடிஞ்சு, இணைக்கலாம்னு அவன் நுனியைப் பிடிச்சு இழுத்தான்னா, நான் கேமராவைத் தூக்கி அந்த மேல் வளைவு மேல வெச்சுடுவேன். வெச்சா வெச்சதுதான். கீழ காட்டுங்கன்னு சொல்லுவான். காட்ட மாட்டேன். நர்ஸ், மயக்க டாக்டர் எல்லார் முன்னாடியும் கத்துவான், உங்க கோபம் அப்படியே இருக்கு அவனுக்கு. கத்தட்டும். கை வலிச்சாலும் நகத்த மாட்டேன். அந்த வளைவை அவன் கடைசி இழை வரைக்கும் விடுவிச்சு, குடல் தானா தளர்ந்து கீழ வந்து படுக்கற வரைக்கும் அந்த டிவியில அவனுக்கு வேற எதுவும் தெரியாது.

அதுக்கு அப்புறம் அவன் என்னோட பேசினாலும் சரி, பேசாட்டியும் சரி. நீங்க அந்தக் கும்பகோணத்துக்காரரை மன்னிக்காம வெச்ச மாதிரி என்னையும் வெச்சுக்கிட்டாலும் சரி. நாளைக்கு மெழுகுவத்தி ஏத்தும்போது நான் உங்ககிட்ட எனக்காக எதுவும் கேக்க மாட்டேன். பாபநாசத்துக்காரருக்காக மட்டும் வேண்டிக்கங்க.

இப்படிக்கு,
நீங்க படிக்க வெச்ச தங்கச்சி,
உங்க மகனுக்கு இன்னமும் அத்தை,
ஸ்டெல்லா